நடுச்சுவர்

"பழைய மரத்துக்குப் பரிகாரம் உண்டாம்மா?"

சாத்தையா இப்படிக் கேட்டபோது கோரையம்மா ஊறின கோரையைத் தண்ணீரிலிருந்து எடுத்து உதறிக்கொண்டிருந்தாள். நாலு சொட்டு அவன் முகத்தில் தெறித்தது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை.

"என்ன மரம்?"

"வேங்கை."

"வேங்கைக்கு என்ன கேடு? இரும்பு மாதிரி கிடக்குமே."

"முனகுதும்மா."

"யாரு?"

"மரம்தான்."

கோரையம்மா சிரித்தாள். சாத்தையா சிரிக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டுக் கோரைக் கட்டைக் கீழே வைத்தாள்.

கண்மாய்க் கரையில் ஒரு கொட்டகை, அதற்குள் ஒரு பாய்த்தறி. அவ்வளவுதான் கோரையம்மாவின் மடம். காவி கிடையாது. விபூதி கிடையாது. உபதேசம் சுத்தமாகக் கிடையாது. ஆனாலும் மனசில் முள் ஏறினவர்கள் அவளைத் தேடி வந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் கோபித்துக்கொண்டு போவார்கள். கோபித்துப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வருவார்கள்.

சாத்தையா திரும்பி வந்த ரகம். வருசக்கணக்காக வந்து போகிறவன். நாற்பதைத் தாண்டியவன், அவளைவிட மூத்தவன். இருந்தாலும் அவன் அவளை அம்மா என்பான். அவள் அவனை அண்ணே என்பாள். அவளுக்கு ஊரில் உள்ள ஆம்பளை எல்லாம் அண்ணன்தான், பல் போன கிழவன் உட்பட.

"முதல்லேர்ந்து சொல்லுண்ணே."

சொன்னான்.

கல்யாணமாகி எத்தனையோ கோயில் குளம் சுற்றின பிறகு அவன் பெண்சாதி வள்ளிக்கண்ணு வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியது. அந்தப் பிள்ளை வாடகை வீட்டில் வளரக் கூடாது என்று சாத்தையா நினைத்தான். ரோட்டோரம் கொஞ்சம் இடம் இருந்தது. கல்லும் மரமும் வாங்கத்தான் வகையில்லை.

சொந்த ஊரில் அப்பன் வீடு பூட்டிக் கிடந்தது. அப்பனும் ஆத்தாளும் போய்ச் சேர்ந்த பிறகு வௌவால்தான் அங்கே குடித்தனம். அதைப் பிரித்தான்.

பிரித்தான் என்றால் சும்மா இல்லை. கூரை ஓடுகளை ஒவ்வொன்றாகக் கை மாற்றி இறக்கி, இடையில் வைக்கோல் வைத்து அடுக்கினான். செங்கல்லில் ஒட்டின சுண்ணாம்பைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தான். வாசல் நிலையைச் சாக்கில் சுற்றி, நோயாளியைக் கிடத்துகிற மாதிரி வண்டியில் கிடத்தினான். வளைந்த ஆணியைக்கூட விடவில்லை. கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி டப்பாவில் போட்டுக்கொண்டான். பார்த்தவர்கள், "இவன் வீட்டைப் பிரிக்கிறானா, உரிக்கிறானா?" என்று கேட்டார்கள்.

அந்தச் சாமான்களைக் கொண்டே புது வீடு எழும்பியது. பழைய செங்கல், பழைய ஓடு, பழைய கதவு. கூடத்துக்குக் குறுக்கே, கூரையைத் தாங்குகிற பழைய வேங்கை விட்டம்.

"பால் காய்ச்சின அன்னைக்கே ஆரம்பிச்சிருச்சும்மா. உச்சி வெயில் ஏற ஏற அந்த விட்டம் முனகுது. வயித்து வலிக்காரங்க முனகுற மாதிரி."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஏன் கடித்துக்கொண்டான் என்று கோரையம்மா கேட்கவில்லை. பார்த்துக்கொண்டாள்.

"வள்ளிக்கண்ணு என்ன சொல்றா?"

"அவ பிரசவத்துக்கு ஆத்தா வீட்டுக்குப் போனவதான். பொம்பளைப் பிள்ளை. தீட்டெல்லாம் கழிஞ்சிருச்சு. இன்னும் பேர் வைக்கலை. கூப்பிடப் போனேன். 'அந்த வீடு என்னமோ சொல்ல வருது. என்னன்னு கேட்டுட்டு வாங்க. அப்புறம் பிள்ளையைத் தூக்கிட்டு வர்றேன்'கிறா."

"கெட்டிக்காரி."

"பூசணிக்காய் உடைச்சேன். எலுமிச்சம்பழம் கட்டினேன். பூசாரி தகடு எழுதிக் குடுத்தாரு, அதையும் அடிச்சேன். எதுக்கும் மசியலை."

"தகட்டை எந்த ஆணி வச்சு அடிச்சே?"

"பழைய வீட்டு ஆணிதான்."

"அதானே பார்த்தேன்."

"விளையாடாதீங்கம்மா." அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "நீங்க ஒரு வழி சொல்லலேன்னா எம் பிள்ளை எம் வீட்டு வாசப்படி மிதிக்காது."



"பழைய வீட்லேர்ந்து எல்லாத்தையும் கொண்டாந்துட்டியா?"

"ஆணியைக்கூட விடலைன்னு சொன்னேனேம்மா."

"ஒண்ணை விட்டுட்டு வந்திருக்கே."

"இல்லம்மா, நான் பார்த்துப் பார்த்து…"

"போய் எடுத்துட்டு வா. அப்புறம் பேசலாம்."

திரும்பிக் கோரைக் கட்டைக் கையில் எடுத்துவிட்டாள். இனி அவள் பேச மாட்டாள் என்று சாத்தையாவுக்குத் தெரியும்.

*

பழைய வீடு இருந்த இடத்தில் இப்போது அஸ்திவாரக் கோடுதான் இருந்தது. வெயிலில் அது வெறிச்சென்று கிடந்தது. இது கூடம், இது அடுப்படி என்று சாத்தையாவுக்கு மட்டும்தான் அடையாளம் தெரியும்.

குனிந்து குனிந்து தேடினான். உடைந்த ஓட்டுச் சில்லு. கோழி இறகு. ஒன்றுமில்லை.

கொல்லைப் பக்கம் போனான். மண்ணுக்குள் பாதி புதைந்து ஓர் அம்மிக்கல். அவன் முகம் மலர்ந்தது. ஆத்தா அரைத்த அம்மி! இதைத்தான் விட்டிருக்கிறோம். குச்சியால் மண்ணைக் கிளறி, மூச்சுப் பிடித்துத் தூக்கினான்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. அடுத்த வீட்டு மூக்காயி.

"யாரது, சாத்தையாவா? இன்னும் என்னடா பாக்கி? அஸ்திவாரத்தையும் பேத்துக்கிட்டுப் போறியா?"

"அம்மி கிடந்துச்சு அத்தை."

"தூக்கிட்டுப் போ. கிணத்தையும் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்க. அந்தப் பிச்சிக்கொடியை மட்டும் விட்டுரு. நான் பூப் பறிக்கிறேன். பூமயிலு வச்சது அது."

அம்மி அவன் கையிலிருந்து நழுவி விழுந்தது. காலில் விழாதது அவன் நல்ல நேரம்.

"என்னடா, பேயறைஞ்சவன் மாதிரி நிக்கிறே? உன் தங்கச்சி பேரைத்தானே சொன்னேன்."

 அம்மியைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தான். கொஞ்ச தூரம் போனதும் நடை ஓட்டமாகிவிட்டது. தோளில் அம்மியோடு ஒருவன் வெயிலில் ஓடுவதை ஆடு மேய்க்கிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

பூமயில்.

அந்தப் பேர் அவன் காதில் விழுந்து எவ்வளவோ காலம் ஆயிற்று.

அவன் வாலிபனாக இருந்தபோது ஒரு மத்தியானம். வயலிலிருந்து சாப்பாட்டுக்கு வந்தான். வீடு திறந்து கிடந்தது. தங்கச்சியைக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனான். அவன்தான் முதலில் பார்த்தான். அந்த வேங்கை விட்டம்.

அதற்கு மேல் அவன் நினைப்பு எப்போதும் போகாது. அங்கேயே நின்றுவிடும்.

ஏன் அப்படிச் செய்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. காலையில் சிரித்துக்கொண்டு கஞ்சி ஊற்றியவள். அப்பன் ஊர்க்காரர்கள் வருவதற்குள் எல்லாரையும் நிறுத்தி வைத்துச் சொன்னான்: "திடீர்னு வயித்து வலி. வைத்தியர் வீட்டுக்குக் கொண்டு போறதுக்குள்ள போயிட்டா. இதுதான் பேச்சு." ஆத்தா அதையே சொன்னாள். சாத்தையாவும் அதையே சொன்னான். ஊரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டது.

பிறகு அந்த வீட்டில் அவள் பேரை யாரும் எடுக்கவில்லை. ஒருமுறை ஆத்தா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அப்பன் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். அத்தோடு சரி.

*

அம்மியைக் கொட்டகை வாசலில் இறக்கி வைத்தான். மூச்சு இரைத்தது.

"இதுதாம்மா விட்டது."

கோரையம்மா வந்து அம்மியைச் சுற்றிப் பார்த்தாள்.

"கனமா?"

"தோள் பட்டை கழண்டு போச்சு."

"இதைவிடக் கனம் ஒண்ணு விட்டிருக்கே."

 மூக்காயி இவளிடம் ஏதாவது சொல்லியிருப்பாளோ? அவள் அந்த ஊர், இவள் இந்த ஊர். வழியே இல்லை.

"வேற ஒண்ணும் இல்லம்மா. சத்தியமா."

"சரி."

உள்ளே போனாள். கைக்குழந்தை படுக்கிற அளவில் சின்னதாக நெய்து வைத்திருந்த ஒரு புதுப் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

"நட. வீட்டைப் பார்ப்போம்."

*

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சிப்பொழுது. நல்லமுத்து ஆசாரி வாசலில் உட்கார்ந்து ஒரு பழைய சன்னலுக்குக் கீல் பூட்டிக்கொண்டிருந்தார். இந்த வீட்டுக்கு மர வேலை முழுக்க அவர்தான்.

கோரையம்மா உள்ளே காலை வைத்தாள்.

விட்டம் முனகியது.

முதலில் மெல்ல. பிறகு நீளமாக. வலியைப் பல்லைக் கடித்து அடக்குகிறவர் தொண்டையிலிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம். கேட்டுக் கேட்டுப் பழகியும் சாத்தையா ஓர் எட்டுப் பின்வாங்கினான்.

கோரையம்மா விட்டத்தை அண்ணாந்து பார்க்கவில்லை. எதிரே இருந்த சுவரைப் பார்த்தாள்.

கூடத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு தரையிலிருந்து விட்டம் வரைக்கும் ஒரு சுவர். விட்டத்தின் நடுவயிறு அந்தச் சுவருக்குள் புதைந்திருந்தது. அது வெளியே தெரியாதபடி மேலே பூச்சு.

"இந்தச் சுவர் எதுக்கு?"

"ரெண்டு அறையாகுமேன்னு…"

அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். இந்தப் பக்கம் வந்து பார்த்தாள்.

"இங்க நாலு பேர் உக்கார இடம் இல்லை. அங்க ஒருத்தர் காலை நீட்ட இடம் இல்லை. இது என்ன அறை?"

வாசலிலிருந்து ஆசாரி எழுந்து வந்துவிட்டார்.

"நல்லாக் கேளுங்க தாயி. நான் கரடியாக் கத்தினேன். காலம் பூரா ரெண்டு முனையில தாங்கிக் கிடந்த விட்டம். நடுவயிறு தொய்ஞ்சு பழகின மரம். அந்த வயித்துல கொண்டு போய்ச் சுவரை முட்டுக் குடுத்து, சாந்தை வேற அப்பினா? ஓடு காய்ஞ்சா மரம் அசைய இடம் தேடும். இடமில்லேன்னா முனகத்தான் செய்யும். இவர்கிட்ட அன்னைக்கே சொன்னேன்."

"சொன்னியாண்ணே?"

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன். சுவர் இங்கதான் வரணும், விட்டத்தோட இந்த இடம்தான் உள்ள போகணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு."

கோரையம்மா சாத்தையாவின் பக்கம் திரும்பினாள்.

"அப்ப ஏன் முனகுதுன்னு உனக்குத் தெரியும்."

அவன் தரையைப் பார்த்தான்.

"தெரிஞ்சுக்கிட்டே எங்கிட்ட வந்து பரிகாரம் கேட்டே."

"சுவரை எடுக்காம ஏதாச்சும் வழி…"

"எடுத்தா என்ன?"

அவன் பேசவில்லை. விட்டம்தான் பேசியது.

கோரையம்மா ஆசாரியிடம் சொன்னாள்: "நீ போய் வள்ளிக்கண்ணைப் பிள்ளையோட கூட்டிட்டு வாண்ணே. இன்னைக்குப் பேர் வைக்கிறோம், அத்தை வந்திருக்கான்னு சொல்லு."

அந்தப் பக்கத்து வழக்கம் அது. பிள்ளையைத் தூளியில் போட்டு, அப்பன் கூடப் பிறந்த அத்தைதான் காதில் பேர் சொல்ல வேண்டும். அத்தை இல்லாத வீட்டில், முறையாகிற யாராவது சொல்வார்கள்.

"எந்த அத்தை தாயி?" என்றார் ஆசாரி. "இவருக்குக் கூடப் பிறந்தவங்க யாரும்…"

"நான் இவரை அண்ணேன்னுதானே கூப்பிடுறேன்? போதாதா?"

சாத்தையா சட்டென்று நிமிர்ந்து அவளைப் பார்த்தான். இத்தனை வருசமாக அவள் கூப்பிடுகிற அந்த அண்ணே, இன்றைக்குத்தான் எங்கோ போய் இடித்தது.

*

வள்ளிக்கண்ணு ஆசாரியோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். தோளில் ஒரு துணிப்பை. கூட அவள் ஆத்தா இருளாயி, பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு.

வள்ளிக்கண்ணு வாசப்படிக்கு வெளியே நின்றுவிட்டாள்.

"கேட்டீங்களா? என்ன சொல்லுதாம்?"

சாத்தையா வாயைத் திறப்பதற்குள் கோரையம்மா மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்தாள். ஆசாரியின் ஏணியைச் சுவரில் சாத்தினாள். விறுவிறுவென்று ஏறி, விட்டத்துக்குக் கீழே பூச்சின் மேல் ஓங்கி ஒரு போடு போட்டாள்.

சாந்து பொலபொலவென்று கொட்டியது.

"அடிப் பாதகத்தி!" இருளாயி கத்தினாள். "பேர் வைக்கக் கூப்பிட்டுட்டு வீட்டை இடிக்கிறாளே! ஏய், இறங்குடி கீழ! மருமகனே, பாத்துக்கிட்டு நிக்கிறியே!"

சாத்தையா ஓடிப் போய் ஏணியைப் பிடித்தான்.  

"அம்மா! வேண்டாம்மா! அதை மட்டும் தொடாதீங்க!"

"எதை?"

"அதை… அந்த இடத்தை."

"உள்ள என்ன இருக்கு?"



இன்னொரு போடு. ஒரு செங்கல் அசைந்தது.

"எந் தங்கச்சிம்மா!"

வீடே வாயடைத்துப் போயிற்று.

முதலில் மூச்சு வந்தது இருளாயிக்குத்தான்.

"சுவத்துக்குள்ளயாடா?"

பிள்ளையை இறுக்கிக்கொண்டு நாலு எட்டுப் பின்னால் போனாள். ஆசாரி கையிலிருந்த உளியைக் கீழே போட்டார்.

"இல்ல அத்தை… சுவத்துல இல்ல. விட்டத்துல. அந்த விட்டத்துலதான் அவ…" சாத்தையா ஏணிக்காலைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்தான். "மத்தியானம் வந்து பார்த்தேன். நான்தான் இறக்கினேன். மரத்துல கயித்துத் தடம் இருக்கு. எம் பிள்ளை மல்லாந்து படுத்தா அது கண்ணுல படும். அதான் சுவரை எழுப்பி மூடினேன்."

வள்ளிக்கண்ணு வாசப்படிக்கு வெளியேதான் நின்றாள். குரல் மட்டும் உள்ளே வந்தது.

"வயித்து வலின்னீங்க."

"அப்பா சொல்லச் சொன்னாரு."

"எங்கிட்டயுமா?"

அவன் ஏணிக்காலை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

"இத்தனை வருசம் ஒரே பாயில படுத்திருக்கேன். உங்க தங்கச்சி பேர் என்னன்னு கேட்டா எந்திரிச்சுத் தண்ணி குடிக்கப் போயிருவீங்க. செத்தவங்க மேல அம்புட்டுப் பாசம்போலன்னு நானும் விட்டுட்டேன்." அவள் மூச்சு வாங்கினாள். "சரி. ஊர் உலகத்துல வேற மரமே இல்லையா? அதையேவா தூக்கிட்டு வரணும்?"

"விறகுக்குக் கேட்டாங்க வள்ளி. குடுத்துரலாம்னுதான் போனேன்." அவன் புறங்கையால் மூக்கைத் துடைத்தான். "வண்டியில எல்லாத்தையும் ஏத்தியாச்சு. அது மட்டும் தனியா வெயில்ல கிடந்துச்சு. அவளை மட்டும் விட்டுட்டு வர்ற மாதிரி இருந்துச்சு. மனசு கேக்கலை."



"கிளம்புடி," என்றாள் இருளாயி. "இந்த வீட்டு நிழல்கூடப் பிள்ளை மேல படக் கூடாது. ஆட்டோவைக் கூப்பிடு."

வள்ளிக்கண்ணு நகரவில்லை. போகவுமில்லை, உள்ளே வரவுமில்லை.

கோரையம்மா ஏணியிலிருந்து இறங்கினாள். கடப்பாரையைச் சாத்தையாவிடம் நீட்டினாள்.

"கட்டினது நீ. மிச்சத்தை நீ இடி."

அவன் பெண்சாதியைப் பார்த்தான். அவள் முகத்தில் சரி என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை.

ஏறினான்.

முதல் அடி சுவரில் படவே இல்லை. இரண்டாவது பட்டது. அப்புறம் நிற்கவில்லை. சாந்து விழுந்தது, செங்கல் விழுந்தது. ஆசாரி கீழே நின்று விழுகிற கல்லை எல்லாம் எட்டி எட்டிப் பிடித்தார்.

"மெல்லய்யா, மெல்ல! ரெண்டு வீடு பார்த்த கல்லு. மூணாவதுக்கும் ஆகும்."

விட்டத்தின் அடியில் கடைசிச் செங்கல் உருவி வந்தது.

விட்டம் ஒருமுறை சத்தம் போட்டது. முனகல் இல்லை. வெகுநேரம் கால் கடுக்க நின்றவர் உட்காரும்போது விடுகிற மூச்சு மாதிரி. நடுவயிறு ஒரு விரல்கடை கீழே இறங்கியது.

அப்புறம் சத்தம் இல்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். வெயில் ஓட்டில் காய்ந்தது. சத்தமே இல்லை.

"அங்கேயே நில்லுண்ணே," என்றாள் கோரையம்மா. "தடத்தைத் தொடு."

"அம்மா, என்னால…"

"தொடு."

கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினான். விரல் பட்டதும் சுட்டவன் மாதிரி இழுத்துக்கொண்டான். மறுபடி நீட்டினான்.

"எப்படி இருக்கு?"

"வழவழன்னு."

"ஆழம்?"

"விரல் முழுசா இறங்குது."

"எதுவரைக்கும் போகுது?"

"மேல போயி… அந்தப் பக்கம் இறங்குது."

"ஒரு மத்தியானத்துலயா?"

அவன் கண்ணைத் திறந்தான்.

அந்த இடத்தை அவன் நேராகப் பார்த்தது இதுதான் முதல் தடவை. அன்றைக்கு ஓரக்கண்ணால் பார்த்ததோடு சரி. பிரிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு சாக்கைச் சுற்றினான். சுவர் வைக்கும்போது சாந்தை அப்பச் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டான்.

இப்போது பார்த்தான். கிணற்றங்கல்லில் கயிறு போய்ப் போய்த் தேய்த்த பள்ளம் மாதிரி இருந்தது. எண்ணெய் குடித்துப் பளபளத்தது.

"சின்னதுல நீ எங்க தூங்கினே?"

"தூளியில."

"தூளி எங்க தொங்குச்சு?"



அவன் கண்ணுக்கு முன்னால் ஒரு சிவப்புச் சேலை ஆடியது. அதற்கு வெளியே நீட்டிக்கொண்டு ஒரு சின்னக் கால். கீழே உட்கார்ந்து ஒரு பயல் கயிற்றை இழுத்து இழுத்து விடுகிறான். மேலே விட்டம் கிறீச் கிறீச் என்கிறது. அடுப்படியிலிருந்து ஆத்தா சத்தம் போடுகிறாள்: "மெல்ல ஆட்டுடா, தங்கச்சி விழுந்துரப் போறா!"

சாத்தையா நெற்றியை விட்டத்தில் வைத்துக்கொண்டான்.

"நான் போட்ட தடம்மா இது," என்றான். "நான் ஆட்டி ஆட்டிப் போட்டது."

அவன் தோள் குலுங்கியது. ஏணி குலுங்காமல் ஆசாரி பிடித்துக்கொண்டார்.



வாசலில் சேலை சரசரத்தது. வள்ளிக்கண்ணு படியைத் தாண்டி உள்ளே வந்தாள். உடைந்த சாந்தை மிதித்துக்கொண்டு ஏணியடிக்கு வந்து நின்றாள். துணிப்பையைத் திறந்து நைந்து மெத்தென்று போன ஒரு பருத்திச் சேலையையும், சுற்றி வைத்திருந்த கயிற்றையும் எடுத்தாள். அவனை நோக்கி நீட்டினாள்.

"கட்டுங்க."

"அடியே!" என்றாள் இருளாயி. "உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? தெரிஞ்சுக்கிட்டே அதுலயா?"

"சும்மா இரு ஆத்தா."

சாத்தையா கயிற்றை வாங்கினான். கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தான்.

"வள்ளி, உனக்குப் பயமா இல்லையா?"

"நீங்க ஆட்டினப்ப அவங்க விழுந்தாங்களா?"

"இல்ல."

"அப்பக் கட்டுங்க."

கட்டினான். கயிறு வழி தெரிந்த மாதிரி அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆசாரி தன் முழுக் கனத்தையும் போட்டு இழுத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

வள்ளிக்கண்ணு ஆத்தாளிடம் கையை நீட்டினாள். இருளாயி பிள்ளையைக் கொடுக்க மனசில்லாமல் ஒரு நிமிசம் வைத்திருந்தாள். பிறகு அழுதுகொண்டே கொடுத்தாள்.

பிள்ளை தூளிக்குள் போனது. தூளி ஒருமுறை ஆடியது. எல்லாரும் மேலே பார்த்தார்கள்.

கோரையம்மா சின்னப் பாயைத் தூளிக்கு நேர் கீழே விரித்தாள். முட்டி போட்டு உட்கார்ந்தாள். தூளியின் வாயை விலக்கி, பிள்ளையின் காதருகே உதட்டைக் கொண்டு போனாள். அப்படியே நிறுத்தி, கண்ணை மட்டும் உயர்த்திச் சாத்தையாவைப் பார்த்தாள்.

"விட்டுட்டு வந்ததைக் கொண்டாந்துட்டியாண்ணே?"

அவன் வாய் திறந்தது. உதடு அசைந்தது. காற்றுத்தான் வந்தது.

வள்ளிக்கண்ணு தூளியை இன்னும் கொஞ்சம் விலக்கிப் பிடித்தாள்.

"சத்தமாச் சொல்லுங்க," என்றாள். "பிள்ளைக்குக் கேக்கணும்."